சிறு தொகை ஆன்லைன் போக்கர் போட்டிகள்: நுழைவுக் கட்டணம் முதல் இறுதி மேசை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் கட்டி ஓர் ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஆடினார். அதில் வென்ற இடத்தைக் கொண்டு, 10,000 டாலர் கட்டணமுள்ள உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு லாஸ் வேகாஸ் போனார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் முதலிடம் பெற்று 25 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். இறுதிச் சுற்றில் கையில் எதுவுமே இல்லாமல் சாமி ஃபார்ஹாவை மிரட்டிச் சீட்டைக் கீழே வைக்க வைத்த அந்த ஒரு கை இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு போக்கருக்கு வருகிறவர்கள்தாம் 2 டாலர், 5 டாலர் போட்டிகளில் முதலில் வெளியேறுகிறார்கள். மிரட்டலுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், எதிரில் இருப்பவருக்குச் சீட்டைக் கீழே வைக்கும் பழக்கம் இருக்க வேண்டும். சிறு தொகைப் போட்டிகளில் அந்தப் பழக்கம் பெரும்பாலோருக்குக் கிடையாது. வெறுங்கையால் முழம் போடுகிற வேலை அங்கே எடுபடாது. நல்ல சீட்டு வரும்போது துணிந்து பணத்தை வைப்பது, வராதபோது சலிக்காமல் ஒதுங்குவது, உங்களிடம் எத்தனை பிக் பிளைண்ட் (கையின் தொடக்கத்தில் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) மதிப்புள்ள சிப்பு மீதமிருக்கிறது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருப்பது: இந்த மட்டத்தில் லாபம் வருவது பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான். பார்ப்பதற்குச் சுவாரசியம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வழிகாட்டி, டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரிந்தவர்களுக்கானது. ஜோடிக்கும் ஃபிளஷுக்கும் எது பெரியது என்று யோசிக்க வேண்டியிருந்தால், முதலில் இலவசச் சிப்புகளில் சில வாரங்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

முன்னதாக: நீங்கள் இருக்கும் நாட்டில் ஆடலாமா?

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விடை: பணம் வைத்து ஆட முடியாது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்துவிட்டது. இந்தியத் தளங்களும் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. வி.பி.என். வழியாக வெளிநாட்டுத் தளத்தில் நுழைவது பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, இருப்பிடத்தை மறைத்து ஆடியவரின் பணத்தை முடக்க அந்தத் தளங்களின் விதிகளே இடம் தருகின்றன. சிங்கப்பூரிலும் இணையப் போக்கருக்கு அனுமதியில்லை. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களில் ஆடலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2022 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற தனியார் தளங்கள் இயங்குகின்றன. மற்றவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும் கீழே உள்ள கணக்குகள் இலவசச் சிப்பு ஆட்டத்தில் பயன்படும்.

படி 1: எந்தப் போட்டியில் சேர்வது?

கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். 5.50 டாலர் போட்டி என்றால் வழக்கமாக 5 டாலர் பரிசுத் தொகைக்குப் போகும், 50 சென்ட் தளத்துக்கு. எல்லோரும் ஒரே திறமையோடு ஆடினால் ஒவ்வொருவரும் கட்டிய பணத்தில் ஒன்பது சதவீதத்தை இழப்பார்கள் என்று பொருள். மற்றவர்களைவிடச் சற்றே நன்றாக ஆடுவது போதாது. அந்த ஒன்பது சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

அடுத்தது பிளைண்ட் ஏறும் வேகம். வழக்கமான வேகத்தில் ஒரு மட்டம் 10 முதல் 15 நிமிடம் நீடிக்கும். டர்போவில் ஐந்தாறு நிமிடம், ஹைப்பர் டர்போவில் அதைவிடக் குறைவு. வேகம் கூடக்கூட, நிதானமாக ஆடிச் சம்பாதிக்கும் வாய்ப்பு குறைந்து, ஆல் இன் (கையிருப்புச் சிப்பு முழுவதும்) வைத்துவிட்டு வேண்டிக்கொள்வது மட்டுமே மிஞ்சும். புதியவர்களுக்கு என் பரிந்துரை: வழக்கமான வேகம், 200 முதல் 500 பேர் வரை ஆடும் போட்டி, மறுநுழைவு (வெளியேறியவர் மறுபடி கட்டணம் கட்டிச் சேரும் வசதி) இல்லாதது. ஐயாயிரம் பேர் ஆடும் போட்டியின் முதல் பரிசு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதில் இறுதி மேசையை எட்டுவது எப்போதாவது ஒருமுறை நடக்கும் காரியம், அதுவரை பணமும் பொறுமையும் தாங்க வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆயிரம் பேர் ஆடும் வழக்கமான போட்டி முடிய ஆறேழு மணி நேரம் ஆகலாம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர் அதில் சேர்ந்தால், பரிசுத் தொகை பெரிதாகும் நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பார்.

படி 2: பணத்தை ஒதுக்குவது

பொதுவாகப் போட்டியில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு கிடைக்கும். சராசரி ஆட்டக்காரர் அடுத்தடுத்து பத்துப் போட்டிகளில் ஒரு காசும் பெறாமல் போவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபது போட்டிகள் வெறுங்கையோடு போவதற்கு நூற்றில் நான்கு வாய்ப்பு. நன்றாக ஆடுகிறவருக்கு இந்த வாய்ப்பு சற்றுக் குறையும், மறைந்துவிடாது. பரிசுப் பட்டியலின் கடைசியில் இருப்பவருக்குக் கட்டணத்தைப் போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்குதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இடங்களில் எப்போதாவது வருவதுதான் ஆண்டுக் கணக்கை லாபமாக்கும். நடுவில் எல்லாம் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும்.

எனவே நூறு போட்டிகளுக்கான கட்டணம் தனியாக இருந்தால்தான் அந்தக் கட்டணத்தில் ஆட வேண்டும். 200 டாலர் இருக்கிறதா, 2 டாலர் போட்டி. 500 டாலர் இருந்தால் 5 டாலர் போட்டி. அது 300-ஆகக் குறைந்தால் மறுபடியும் 3 டாலருக்கு இறங்க வேண்டும், கௌரவம் பார்க்கக் கூடாது. அந்தப் பணம் முழுவதும் போனாலும் வீட்டில் எந்தச் செலவும் தடைபடக் கூடாது. தளத்திலேயே மாத வைப்பு வரம்பு விதிக்கும் வசதி இருக்கும். கணக்குத் தொடங்கும் நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள். அகலக்கால் வைத்தவர்கள் பெரும்பாலும் திறமை குறைந்தவர்கள் அல்லர், விட்டதைப் பிடிக்கக் கிளம்பியவர்கள். அந்த எண்ணம் அடிக்கடி வருகிறதென்றால் ஆட்டத்தை விட்டுவிடுவதே சரி. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற இலவச ஏற்பாட்டில் பதிந்தால் உரிமம் பெற்ற தளங்கள் எல்லாமே உங்களை உள்ளே விடாது.

படி 3: தொடக்க மட்டங்கள்

10,000 சிப்பு, பிளைண்ட் 50/100. அதாவது நூறு பிக் பிளைண்ட். இந்த நேரத்தில் மேசையில் மிக மோசமான ஆட்டக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், அவர்களிடம் சிப்பும் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் 20 பிளைண்டோடு பதிவு செய்கிறவர்கள் இந்த அறுவடையைத்தான் தவறவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. முதல் இடங்களில் உட்கார்ந்திருக்கும்போது நல்ல ஜோடிகள், ஏஸ் கிங், ஏஸ் குயின் போன்றவற்றோடு நில்லுங்கள். பட்டனை (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) நெருங்க நெருங்கக் கொஞ்சம் தளர்த்தலாம். சிறு ஜோடி வந்தால், ஃபிளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளில்) அது மூன்றாகும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம், எட்டரைக்கு ஒன்று. ஆகவே இருவரிடமும் நீங்கள் கட்டும் தொகையைப் போல குறைந்தது பதினைந்து மடங்கு சிப்பு இருந்தால் மட்டும் கட்டிப் பாருங்கள். மூன்றாகவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரு கையை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். உங்களுக்கு முன்னால் இருவர் வெறுமனே 100 கட்டி உள்ளே வந்திருக்கிறார்கள். உங்களிடம் ஏஸ் குயின். இருவர் நுழைந்துவிட்டதால் வழக்கமான 250 போதாது, 500 என்று உயர்த்துகிறீர்கள். பிளைண்டில் இருப்பவர்கள் விலக, அந்த இருவரும் கட்டுகிறார்கள். நடுவில் 1,650. ஃபிளாப் குயின், எட்டு, நான்கு. குயினும் எட்டும் ஹார்ட். இருவரும் செக். நீங்கள் 1,100 வைக்கிறீர்கள். பாதிக்கும் மேல் ஏன் என்றால், குயின் ஒன்பது வைத்திருப்பவரும் இரண்டு ஹார்ட் வைத்திருப்பவரும் இந்த மட்டத்தில் 500-க்கும் கட்டுவார்கள், 1,100-க்கும் கட்டுவார்கள். கட்டுகிறவரிடம் தள்ளுபடி தர வேண்டிய அவசியம் இல்லை. ஹார்ட் ஃபிளஷுக்குக் காத்திருப்பவருக்கு இரண்டு சீட்டுகளும் சேர்த்து 35 சதவீத வாய்ப்பு, ஒரு சீட்டு மட்டும் மிச்சமிருந்தால் 20 சதவீதத்துக்கும் கீழே.

ஒருவர் கட்டுகிறார். டர்னில் (நான்காம் சீட்டு) ஸ்பேட் இரண்டு. செக், நீங்கள் 2,600, அவர் மறுபடியும் கட்டுகிறார். ரிவரில் (ஐந்தாம் சீட்டு) இன்னொரு இரண்டு. நடுவில் 9,050, உங்களிடம் 5,800. அவர் செக் செய்கிறார். பெரிய தொகை மேசைகளில் இங்கே யோசிக்க வேண்டியிருக்கும். 5 டாலர் போட்டியில் முழுவதையும் நகர்த்துங்கள். குயின் பத்து, குயின் ஜாக், ஜோடிப் பத்து எல்லாம் ‘என்னதான் வைத்திருக்கிறான் பார்ப்போம்’ என்று கட்டும்.

இதே கையில் டர்னில் நீங்கள் 2,600 வைத்ததும், அதுவரை செக் செய்து, கட்டி வந்த அதே ஆள் திடீரென்று 5,200 என்று உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கீழே வையுங்கள். அப்படி உயர்த்துகிறவர்கள் இந்த மட்டத்தில் பெரும்பாலும் இரட்டை ஜோடியோ மூன்று ஒரே சீட்டோ வைத்திருக்கிறார்கள். டர்னிலும் ரிவரிலும் வரும் உயர்வை நம்புவது, எனக்குத் தெரிந்தவரை, சிறு தொகைப் போட்டிகளில் பணத்தைக் காப்பாற்றும் மிகச் சுலபமான வழி. சில நேரம் ஏமாற்றப்படுவீர்கள். ஏமாற்றப்பட்டதாகவே தெரியாது என்பதால் அது வலிக்கவும் செய்யாது.

படி 4: ஆன்டி வந்த பிறகு

பிளைண்ட் ஏறி, ஒவ்வொருவரும் ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் கட்டாயமாகப் போடும் சிறு தொகை) போடத் தொடங்கியதும் ஆட்டத்தின் பொருளாதாரமே மாறிவிடுகிறது. ஸ்மால் பிளைண்ட் அரை, பிக் பிளைண்ட் ஒன்று, ஆன்டி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்று. யாரும் ஆடுவதற்கு முன்பே நடுவில் இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது. நீங்கள் 2.2 பிளைண்ட் வைத்து அதை எடுக்க முயன்றால், இரண்டு முறையில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவாக, அதாவது 47 சதவீதம், எல்லோரும் விலகினாலே நட்டமில்லை. உங்களை யாராவது எதிர்த்து ஆடினாலும் நீங்கள் வெல்லும் கைகள் இதில் சேரவில்லை.

எனவே பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் முன்னால் எல்லோரும் விலகியிருந்தால், சுமாரான சீட்டுக்கும் உயர்த்தலாம். வெறுங்கை எடுபடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. ஃபிளாப்பைப் பார்த்தவர் அதில் ஒரு ஜோடி கிடைத்ததும் விட மாட்டார். ஆனால் கையில் ஜாக் மூன்று இருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே பெரும்பாலும் விட்டுவிடுவார். மிரட்ட வேண்டிய நேரம் அதுதான். பிக் பிளைண்டில் இருப்பவர் எதையும் விடாத ஆள் என்று தெரிந்தால் மட்டும், அவருக்கு எதிராக இந்த வேலையை நிறுத்திவிட்டு நல்ல சீட்டுக்குக் காத்திருங்கள்.

படி 5: 12 பிளைண்டுக்குக் கீழே

பிளைண்ட் 1,000/2,000, உங்களிடம் 20,000. பட்டனில் கிங் ஒன்பது, ஒரே நிறம் (இரண்டும் ஹார்ட் என்பதுபோல). எல்லோரும் விலகிவிட்டார்கள். 4,500 என்று உயர்த்தினால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவர் ஆல் இன் வைத்தால், ஒன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும், அல்லது பிடிக்காத கையோடு எல்லாவற்றையும் கட்ட வேண்டும். இரண்டுமே மோசம். முழுவதையும் நீங்களே முதலில் வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் அவருக்குப் போகிறது. எல்லோரும் விலகினால் உங்கள் சிப்பு ஒரே கையில் கால் பங்கு கூடுகிறது.

எந்தக் கைகளோடு ஆல் இன் வைக்கலாம் என்று இந்தக் கட்டத்துக்குக் கணக்கிட்ட அட்டவணைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்மால் பிளைண்டில் பத்து பிளைண்டோடு இருந்து, எதிரில் பிக் பிளைண்ட் மட்டும் மிச்சமிருந்தால், சிப்புக் கணக்கின்படி பாதிக்கும் மேற்பட்ட கைகளை ஆல் இன் வைக்கலாம் என்பதை அங்கே பார்க்கும்போது பலருக்கு நம்பிக்கை வராது. அட்டவணை சொல்வதுதான் சரி. ஒரே ஒரு திருத்தம்: இங்கே மக்கள் கணக்கு அனுமதிப்பதைவிட அதிகமாகக் கட்டுகிறார்கள். ஆகவே ஒரே நிற ஏழு ஐந்து, ஜாக் நான்கு போன்ற அட்டவணையின் கடைக்கோடிக் கைகளை விட்டுவிட்டு, ஏஸ் அல்லது கிங் இருக்கும் கைகளையும் ஜோடிகளையும் தாராளமாக நகர்த்துங்கள். ஐந்து பிளைண்டுக்குக் கீழே போகும்வரை நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்போது உங்கள் ஆல் இன்னைக் கண்டு யாரும் அஞ்ச மாட்டார்கள்.

படி 6: பரிசு வரம்பின் விளிம்பு

நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு: 50, 30, 20 டாலர். நால்வரிடமும் சம அளவு சிப்பு. உங்கள் பங்கின் மதிப்பு இப்போது 25 டாலர். ஒருவர் ஆல் இன் வைக்கிறார். நீங்கள் கட்டி வென்றால் சிப்பு இரட்டிப்பாகிறது. மதிப்பும் 50 டாலராகுமா? ஆகாது. சிப்பின் அளவைக் கொண்டு ஒவ்வோர் இடத்தையும் பிடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டால் (ஐ.சி.எம். என்று சொல்லப்படும் முறை இதுதான்) 38.33 டாலர்தான் வருகிறது. தோற்றால் பூஜ்யம். அதாவது 13 டாலர் சொச்சத்துக்காக 25 டாலரைப் பணயம் வைக்கிறீர்கள். பிளைண்ட் பணத்தைக் கணக்கில் விட்டுவிட்டால், வெல்லும் வாய்ப்பு 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கட்டலாம்.

எதிராளி சீட்டைப் பார்க்காமலே ஆல் இன் வைக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தாலும், வெவ்வேறு நிற ஏஸ் கிங் அந்த 65-ஐ மயிரிழையில்தான் எட்டுகிறது. அவர் கொஞ்சம் நல்ல சீட்டோடு மட்டும் வைக்கிறவர் என்றால் ஏஸ் கிங்கைக் கீழே வைப்பதே சரி. விளிம்பில் ஆல் இன் வைப்பதும் அதைக் கட்டுவதும் ஒன்றல்ல. வைக்கிறவருக்கு எதிராளி விலகும் வாய்ப்பும் இருக்கிறது, கட்டுகிறவருக்கு அது இல்லை.

பெரிய சிப்பு உங்களிடம் இருந்தால் இதே கணக்கை மற்றவர்கள்மீது திருப்பலாம்: நடுத்தரச் சிப்பு வைத்திருப்பவர்களை இந்த நேரத்தில் ஓயாமல் நெருக்குங்கள். மிகச் சிறிய சிப்பு வைத்திருப்பவரைச் சீண்ட வேண்டாம், அவருக்கு இழக்க எதுவும் இல்லை. இன்னொரு வகையினரும் உண்டு: பரிசு வரம்பு எங்கே இருக்கிறது என்றே பார்க்காமல் ஆடுகிறவர்கள். எந்தக் கணக்கும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. யார் அந்த வகை என்பதை முந்தைய ஒரு மணி நேரத்தில் குறித்து வைத்திருந்தால்தான் இங்கே உதவும். தளங்களில் ஆட்டக்காரர் பெயரோடு குறிப்பு எழுதும் வசதி அதற்குத்தான்.

இறுதி மேசையில் ஒவ்வோர் இடத்துக்கும் பரிசு தாவிக்கொண்டே போகும்போதும் இதே தர்க்கம்தான். இரண்டு சிறு சிப்புக்காரர்கள் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இருக்கும் நீங்கள் முதலிடத்துக்காரரோடு மோத வேண்டாம். இருவர் மட்டும் மிஞ்சியதும் இந்தக் கவலை முழுவதும் போய்விடுகிறது. அப்போது சிப்புக் கணக்கு மட்டுமே, சீட்டு சுமாராக இருந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள்

தகுதிச் சுற்றில் பத்து இடங்கள் இருந்தால் பத்தும் ஒரே மதிப்பு. பதினொருவர் மிச்சம், உங்களிடம் வசதியான சிப்பு, சிறு சிப்புக்காரர் ஒருவர் அடுத்த சுற்றில் போய்விடுவார் என்னும் நிலையில், உங்களைவிடப் பெரிய சிப்புக்காரரின் ஆல் இன்னுக்கு ஜோடி ஏஸையும் கீழே வைக்கலாம். வென்றால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

தலைக்குப் பரிசு உள்ள போட்டிகள் இதற்கு நேர் எதிர். அவற்றின் பரவலான வகையில் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி ஒவ்வொருவர் தலைமீதும் இருக்கும். ஒருவரை வெளியேற்றினால் அந்தத் தொகையில் பாதி உடனே உங்களுக்கு, மீதி உங்கள் தலை விலையோடு சேரும். எதிராளியைவிட உங்களிடம் அதிகச் சிப்பு இருந்தால் சற்று இளகிய மனதோடு கட்டலாம். குறைவாக இருந்தால் அவர் தலைப் பரிசை உங்களால் வெல்ல முடியாது என்பதால் வழக்கம்போலவே ஆடுங்கள்.

படி 7: ஆட்டம் முடிந்த பிறகு

வெளியேறிய கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. ஜோடி ஏஸ், ஜோடி கிங்கிடம் ஏறத்தாழ 18 சதவீதம் தோற்கும். அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. தளம் சேமித்து வைக்கும் கை வரலாற்றைத் திறந்து இரண்டு வகைகளைத் தேடுங்கள். ஒன்று, ரிவரில் பெரிய தொகையைக் கட்டித் தோற்றவை. இரண்டு, 12 பிளைண்டுக்குக் கீழே விட்டுவிட்ட கைகள். பிந்தையதை அட்டவணையோடு ஒப்பிட்டால், எங்கே பயந்தீர்கள் என்பது வரிசையாகத் தெரியும். யாருக்கும் நினைவில் நிற்காத இந்த விடுதல்களில்தான் சிப்பு அதிகம் கசிகிறது. அட்டவணையையும் மென்பொருளையும் ஆட்டத்துக்கு வெளியே மட்டும் பயன்படுத்துங்கள். ஆடும்போதே விடை சொல்லும் மென்பொருளைத் தளங்கள் தடை செய்திருக்கின்றன, பிடிபட்டால் கணக்கு போய்விடும்.

ஒரு விரிதாளில் தேதி, கட்டணம், போட்டி வகை, எத்தனை பேர், எந்த இடம், பரிசு என்று ஆறு பத்திகள் போட்டு ஒவ்வொரு போட்டியையும் எழுதுங்கள். மறுநுழைவுக் கட்டணத்தைத் தனி வரியாக எழுதுங்கள், அதை மறைத்துக்கொள்ள மனம் மிகவும் விரும்பும். சில நூறு போட்டிகள் வரை மொத்தத் தொகை லாபமா நட்டமா என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. ஒரு முதலிடம் அதைத் தலைகீழாக்கிவிடும். அதுவரை அந்த விரிதாளில் பார்க்க வேண்டியது வேறு: டர்போவில் மட்டும் பணம் போகிறதா, நள்ளிரவுக்குப் பின் ஆடியவை எப்படி முடிந்தன, பரிசு வரம்புக்குச் சற்று முன்னாலேயே திரும்பத் திரும்ப வெளியேறுகிறீர்களா. கடைசியாகச் சொன்னது தென்பட்டால் ஆறாம் படியின் கணக்கை உங்கள் சொந்தப் போட்டியின் பரிசுப் பட்டியலை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.